ஒரு தோட்டத்துக்கு ஒரு துரை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 மார்ச் 2024

அன்புள்ள தங்கமணிக்கு,

நீயும் உன் மகன் லோகன் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் என் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறேன். வலது கண்ணில் அறுவை செய்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். நீ பதில் எழுதினால் யார் உதவியும் இல்லாமல் நானே படித்துக்கொள்வேன். தொலைபேசியில் பேசினால் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்கிறார்கள். கைப்பேசியில் இரண்டு வார்த்தையும் ஒரு ரோஜாப்பூப் படமும் அனுப்புவதை நான் கடிதமாக எண்ணுவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஆறாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் சுகுமாறன் வந்திருந்தார். தோட்டம் போய் வரிசை வரிசையாக வீடுகள் வந்துவிட்டாலும் பள்ளிக்கு இன்னும் அந்தப் பெயர்தானாம். புதிய மண்டபம் கட்டி முடித்திருக்கிறார்கள். அங்கே படித்துத் தூதராக உயர்ந்தவர் உன் அண்ணன் ஒருவரே என்பதால் 'தூதர் கமலநாதன் மண்டபம்' என்று பெயர் வைக்க விரும்புகிறார்கள். நான் சம்மதித்தேன். காப்பி குடித்து முடித்த பிறகுதான் அவர் மெதுவாகச் சொன்னார், நீ மறுத்திருக்கிறாய் என்று. 'துரை' என்ற பெயரில் வைத்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றாயாம். குடும்பம் ஒரே குரலில் சொல்லாதவரை பெயர்ப்பலகை எழுத்துகளைச் செய்யக் கொடுக்க மாட்டார்களாம். திறப்பு விழா ஜூன் மாதம் 22ஆம் தேதி.

1982இல் இந்த வீட்டின் புதுமனை புகுவிழாவன்று உன்னிடம் சொன்னதையே இப்போதும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'துரை' என்பது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்களைக் கைகட்டி நின்று அழைத்த சொல். அண்ணன் பெரிய உத்தியோகத்துக்கு வந்துவிட்டார் என்பதற்காக அந்தச் சொல்லை எடுத்து அவருக்குச் சூட்டினால் மரியாதை என்று நீ நினைத்தாய். அது மரியாதை அல்ல, பழக்கம் விடாத அடிமைத்தனம். இந்த வீட்டில் அவரை அப்படி அழைக்கக் கூடாது என்று அன்று சொன்னேன். நீ அதன் பிறகு இங்கே வரவில்லை. அது உன் விருப்பம்.

அவர் நெற்றியில் திருநீறோடு எத்தனையோ நாட்டு மேசைகளில் உட்கார்ந்தவர். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைத்தவர். எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் முருகன் படம் இருக்கும் பெட்டியைத்தான் முதலில் திறப்பார். அப்படிப்பட்டவர் யாருக்கும் துரையாக இருக்க விரும்பியதில்லை.

சுகுமாறனிடம் உன் சம்மதத்தைத் தெரிவித்துவிடுவாய் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குமுதா கமலநாதன்

~

கிள்ளான்
14 மார்ச் 2024

அண்ணிக்குத் தங்கமணி எழுதறது.

முருகன் புண்ணியத்துல மூச்சு ஓடுது. முட்டி ரெண்டும்தான் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. உங்க கடுதாசியப் பாத்துட்டு லோகன் பயந்துட்டான், "என்னம்மா, லாயர் நோட்டீஸா?"ன்னு. அவ்வளவு நேரான கையெழுத்து லா உங்களுக்கு. கான்வென்ட் சிஸ்டருங்க தமிழ் எழுத்தைக்கூட வரிசையில நிக்க வச்சிருக்காங்க.

வயசுல நான் மூத்தவ, முறையில நீங்க பெரியவங்க. அதனால நீங்க 'நீ'ன்னு எழுதறதும் நான் 'நீங்க'ன்னு எழுதறதும் சரிதான். நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. சும்மா சொல்லி வச்சேன்.

ஆமா, பல்லிக்கூடத்து வாத்தியார்கிட்ட நான்தான் சொன்னேன். அந்தப் பல்லியில படிச்சது துரை. கமலநாதன்னு ஒருத்தர நீங்க கல்யாணம் கட்டினீங்க, இல்லேங்கல. ஆனா எங்க வீட்டுல என்கூட ஒரே அடுப்புச் சோறு தின்னது துரைதான்.

அடிமைத்தனம்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கும் அத்தனை ஆபீசருங்க முன்னால அதையேதான் சொன்னீங்க. நான் கையில மாவிளக்குத் தட்டு வச்சிருந்தேன். எங்க கீழ வைக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

அண்ணி, ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருசம் கூட வாழ்ந்தீங்களே, அண்ணன் உங்ககிட்ட அந்தப் பேரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?

கண்ணைப் பாத்துக்குங்க. சொட்டு மருந்தை மறக்காதீங்க. அண்ணன் போனப்ப கோவிட் பூட்டு, ரோடெல்லாம் மறிச்சு வச்சிருந்தான், முகத்தைக்கூடப் பாக்க முடியல. நீங்களாவது நல்லா இருங்க.

தங்கமணி

~

பிரிக்பீல்ட்ஸ்
22 மார்ச் 2024

அன்புள்ள தங்கமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'பல்லி' என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறாய். சுவரில் ஊர்வது பல்லி. பிள்ளைகள் படிப்பது பள்ளி.

அவர் என்னிடம் மறைத்தது எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய்.

1969இல் லண்டனில் எங்கள் தூதரக விருந்துக்கு ஒரு முதியவர் வந்திருந்தார். கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். கையில் கிளாஸோடு உன் அண்ணனின் தோளில் தட்டி, "உங்கள் ஆட்கள் என்னை எப்படி அழைப்பார்கள் தெரியுமா? துரை! எங்கே, நீயும் ஒரு தடவை சொல் பார்ப்போம், பழைய நாளுக்காக" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு எல்லாமே விளையாட்டு. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அண்ணன் முகம் மாறவில்லை. "மன்னிக்க வேண்டும் ஐயா, அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவருக்கு வைத்தாயிற்று" என்று சொல்லிவிட்டு, அவருக்கு வடை இருந்த தட்டை நீட்டினார்.

நான் மிகவும் பெருமைப்பட்டேன். இனி இது எங்கள் நாடு, நீங்கள் துரை இல்லை என்று இதைவிடப் பண்பாக யாரும் சொல்ல முடியாது. இப்படிச் சொன்ன மனிதருக்கு அதே பெயரை மண்டபத்தின் நெற்றியில் எழுத வேண்டும் என்கிறாய்.

நீ ஏதோ இருப்பதாகக் குறிப்புக் காட்டி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் முழுவதும் சொல். இல்லாவிட்டால் இந்த மாத முடிவுக்குள் சம்மதத்தைக் கொடு. எனக்கு எண்பத்திரண்டு வயது நடக்கிறது. விழாவை ஒத்திப்போட்டுக்கொண்டே போக நேரமில்லை.

முட்டிக்கு லோகனை நல்ல மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தாதே.

குமுதா கமலநாதன்

~

கிள்ளான்
7 ஏப்ரல் 2024

அண்ணி,

பள்ளி, பள்ளி, பள்ளி. எழுதிட்டேன் டீச்சர்.

இதை வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினா. இப்ப அம்மாவும் இல்ல, அண்ணனும் இல்ல. நான் ஒருத்தி யாருக்குக் காவல் இருக்கறது? முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

துரைங்கறது நாங்க குடுத்த பட்டமில்ல அண்ணி. அது அவரு பேரு. பொறந்தப்ப அப்பா ஆசையா வச்ச பேரு. துரைராசு.

ஜப்பான்காரன் போயி வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம். அண்ணனுக்கு எட்டு வயசு, எனக்கு ஆறு. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் கால்வாய்ப் பக்கம் ஆடிக்கிட்டிருந்தாரு. அம்மா மாரியாயிய உங்களுக்குத் தெரியுமே, தொண்டையத் திறந்தா நாலு லயத்து வரிசை வீட்டுக்கும் கேக்கும். "டேய் துரை! எங்கடா போய்த் தொலைஞ்ச? வாடா, சோறு ஆறுது!"ன்னு கத்தினா. சரியா அந்த நேரம் தோட்டத்துத் துரை மோட்டார் சைக்கிள்ல அந்தப் பக்கம் வந்தான். அவன் தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவன். 'டா'ன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். வண்டிய நிறுத்தினான். அம்மா அவனைப் பாக்கல. இன்னொரு தரம், "துரை! முதுகுல ரெண்டு வைக்கணுமாடா உனக்கு?"ன்னா.

லயமே சிரிச்சிடுச்சு. அவங்க சிரிக்காம இருந்திருந்தா அவன் போயிருப்பான்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லுவா.

மறுநாள் விடியக்காலையில பெரட்டு. எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க வரிசையா நிக்கறாங்க. அம்மாவ முன்னால கூப்பிட்டான். "ஒரு தோட்டத்துக்கு ஒரு துரைதான். உன் மகன் பேரு என்ன?"ன்னான். அம்மா, "துரைராசுங்க"ன்னா. "உன் மகன் பேரு என்ன?" மறுபடியும் அதே கேள்வி. சத்தம் போடல, அடிக்கல. அதையே கேட்டுக்கிட்டு நின்னான். கடைசியில அம்மா தலையக் குனிஞ்சு, "பேரு இல்லீங்க"ன்னா. அண்ணன் அவ சேலையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துலயே நின்னாரு.

அப்புறம் பள்ளிக்கூடத்து வாத்தியார் கமலநாதன்னு எழுதினாரு. பொறப்புப் பத்திரமே அந்தப் பேர்லதான் எடுத்தோம். அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டற கத்தியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாரு. அம்மா காலைக் கட்டிக்கிட்டா. அந்த வாரமே எங்க ரெண்டு பேரையும் பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போனா. படி ஏறறப்ப அண்ணன் கேட்டாரு, "ஏம்மா, சாமி பேரையும் வெள்ளைக்காரன் எடுத்துக்குவானா?" அதுக்கு அம்மா, "முருகனுக்கு ஆயிரம் பேருடா. ஒண்ணைப் புடுங்கினா மிச்சத்தை வச்சிக்கிட்டு நிப்பான். நீயும் நில்லு"ன்னா. மேல போனதும் சத்தியம் வாங்கினா. வெளிய பேசினா கோவம் வளரும், கோவம் வளந்தா அப்பா ஜெயிலுக்குப் போயிடுவாருன்னு.

அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு, காதுக்குள்ள சொல்ற மாதிரிதான் துரைன்னு கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் போனப்புறமும் அது அப்படியே பழகிடுச்சு. அண்ணன் சொந்த வீடு வாங்கினாருன்னு கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. இனிமே யாருக்குப் பயம்னு உங்க வாசல்ல நின்னு சத்தமா கூப்பிட்டேன். "துரைண்ணே! நான் வந்துட்டேன்!"னு. அன்னிக்குத்தான் நீங்க சொன்னீங்க.

அண்ணன் என் பின்னாலயே பஸ் நிக்கற எடத்துக்கு வந்தாரு. "அண்ணிகிட்ட சொல்லிடவாண்ணே?"ன்னேன். "வேணாம் தங்கம். அவ என் மரியாதைக்காகத்தான் சண்டை போடறா. அவ சொல்ற நியாயத்துல தப்பில்ல. விட்டுடு"ன்னாரு. ஊர் ஊரா சமாதானம் பண்ணினவரு, நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல இப்படித்தான் பண்ணினாரு. ஊருல இருந்தா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கிள்ளானுக்கு வருவாரே, கோயிலுக்கு மட்டுமில்ல. இங்க வந்து சாப்பிடுவாரு. நான் துரைண்ணேன்னு கூப்பிடுவேன். அவ்வளவுதான்.

முழுசா சொல்லுன்னீங்க, சொல்லிட்டேன்.

தங்கமணி

~

பிரிக்பீல்ட்ஸ்
19 மே 2024

அன்புள்ள தங்கமணிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இடையில் எனக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை. தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை.

லண்டன் நிகழ்ச்சியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். 'வேறொருவருக்கு வைத்தாயிற்று' என்றார். யாருக்கு என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. அதைக் கேட்க வேண்டிய கேள்வியாகவே நான் எண்ணவில்லை.

இன்னொன்று. ஒரு தீவு நாட்டின் உள்நாட்டுச் சண்டைக்கு அவர் நடுவராக இருந்த சமாதானப் பேச்சில் முதல் நாள் முழுவதும் அவர் வேறு எதையும் பேசவிடவில்லை. இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவரிடமும், "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். காட்டிலிருந்து வந்த தளபதி தன் தாய் அழைக்கும் பெயரைச் சொன்னார். எதிரே இருந்த அமைச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமைச்சர் அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொல்லும்வரை கூட்டம் தொடங்காது என்று உன் அண்ணன் மேசையை விட்டு எழுந்துவிட்டார். மறுநாள் அமைச்சர் சொன்னார். பத்திரிகைகள் இதை ஒரு தந்திரம் என்று எழுதின. என்னைப் பேட்டி கண்டவர்களிடம் இது தூதர்களுக்கான பயிற்சிக் கல்லூரியில் கற்றது என்று நானே சொல்லியிருக்கிறேன். அது தவறான தகவல். திருத்தி எழுதுகிறேன்.

அவர் கிள்ளானுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வீட்டில் எனக்கு மட்டும்தான் சமைப்பேன். கோயிலில் அன்னதானம் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

நீ கேட்டபடியே 'துரை மண்டபம்' என்று பெயரிடச் சொல்லி சுகுமாறனுக்கு நேற்றே எழுதிவிட்டேன். இனி உனக்கு மறுப்பு இருக்காது.

குமுதா

~

கிள்ளான்
26 மே 2024

அண்ணி,

சுகுமாறன் உங்க கடுதாசிய எடுத்துக்கிட்டு வந்தாரு. அந்தாளு பாவம், நம்ம ரெண்டு பேர் நடுவுல சிக்கி எளைச்சே போயிட்டாரு. "பாட்டி, இப்பவாவது ஒரு பேரைச் சொல்லுங்க"ன்னாரு.

நான் வேணாம்னு சொல்லிட்டேன். கோவப்படாதீங்க, கேளுங்க.

நீங்க வேணாம்னு சொல்றப்ப எனக்கு அது வேணும்னு தோணிச்சு. நீங்க சரின்னதும் ராத்திரி பூரா யோசனை. புள்ளைங்க மண்டபத்துக்குள்ள போறப்ப அண்ணாந்து பாக்கும். 'துரை மண்டபம்'. அதுங்களுக்கு என்னா தெரியும்? தோட்டத்துல முன்ன இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிக்குடுத்ததுன்னு நினைச்சுக்கும். நீங்க இவ்வளவு படிச்சவங்க, நீங்களே அப்படித்தானே எடுத்துக்கிட்டீங்க? குத்திக்காட்டறேன்னு நினைக்காதீங்க. உள்ளதச் சொல்றேன். கடைசியில அந்த ஆளு பேரைத்தான் நாமளே செலவு பண்ணிச் சுவத்துல எழுதினதா ஆயிடும். அம்மா எந்திரிச்சு வந்து ஒதைப்பா.

கமலநாதன் இருக்கட்டும். அது யாரோ எழுதிவிட்ட பேருதான். ஆனா அண்ணன் அதை உலகம் பூரா தூக்கிட்டுப் போயி நல்ல பேரா ஆக்கிட்டாரு. துரைங்கறது படிக்கறதுக்கு வச்ச பேரில்ல அண்ணி, கூப்பிடறதுக்கு வச்ச பேரு.

விழாவுக்கு நான் வரல. முட்டி ஒரு பக்கம். அதோட மேடையில படத்தைப் பாத்தா வாய் தானா கூப்பிட்டுடும். கோட்டு போட்ட பெரிய மனுசங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. ஒரு தரம் பட்டது போதும்.

லோகன் வருவான். அவன்கிட்ட மாங்கா ஊறுகா குடுத்தனுப்பறேன், உப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

தங்கமணி

~

பிரிக்பீல்ட்ஸ்
2 ஜூன் 2024

அன்புள்ள தங்கமணிக்கு,

நீ சொன்னது சரி. 'தூதர் கமலநாதன் மண்டபம்' என்று இறுதி செய்தாயிற்று. சுகுமாறனுக்கு இருவர் பெயரிலும் ஒரே கடிதமாக எழுதியிருக்கிறேன். கீழே நீ கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். போட்டு அனுப்பு.

நீ வரவில்லை என்று எழுதியதை நான் ஏற்கவில்லை. ஜூன் 21, வெள்ளிக்கிழமை காலை கிள்ளானுக்குக் கார் வரும். முன் இருக்கையில் உட்கார், முட்டிக்கு அதுதான் வசதி. அன்று இரவு இங்கே தங்கு. முன்னறையில் கட்டில் போட்டாயிற்று, படி ஏற வேண்டியதில்லை. மறுநாள் இருவரும் சேர்ந்து பள்ளிக்குப் போகலாம். என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்தால் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கோட்டு போட்டவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். அது என்ன பெயர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. சொல்வேன்.

அவர் படம் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒரு காலத்தில் நான் உத்தரவு போட்டேன். அதை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

கேட்டருகே வந்ததும் மணி அடிக்காதே. வாசலில் நின்று கூப்பிடு. மெதுவாக அல்ல. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி